கதவை அடைத்த குற்றம்

ராபின்சனின் விரல் ஒடிந்த செய்தி, ஜிஜா ஊர் வந்து சேரும் முன்பே அவளுடைய ஆபீசுக்குப் போய்விட்டது. நாகர்கோவிலில் ரயில் நின்றபோது போனை எடுத்துப் பார்த்தால் மெயில் கிடக்கிறது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைக் காயப்படுத்தியது குறித்து மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும் என்று நாலே வரி. உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அந்த நாலு வரியில் எங்கேயும் இல்லை. குழித்துறை தாண்டும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கூடவே இருந்த பயம் எழுந்து போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜிஜா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிற குளத்தூர்க்காரி. வயது முப்பத்துநாலு. டயாலிசிஸ் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில் சர்வீஸ் எஞ்சினியர். ஆபீஸ் திருவனந்தபுரத்தில், அவள் பார்க்கவேண்டிய மெஷின்களோ கொல்லத்திலிருந்து தூத்துக்குடிவரை முப்பத்தெட்டு ஆஸ்பத்திரிகளில். ஒரு மெஷின் நின்றால் அன்றைக்கு அதில் படுக்கவேண்டிய மூன்று பேர் முகம் வீங்கிக் காத்துக் கிடப்பார்கள். அதனால் கூப்பிட்டால் கிளம்பிவிடுவாள். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். பாறசாலையில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிற பட்டறை வைத்திருக்கும் அவள் கணவன் சஜுவுக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

பதினோரு வருடம் தனியாக ஊர் சுற்றியவள் மெஷினை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஆட்டோவில் ஏறுமுன் அதன் நம்பரைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவாள். லாட்ஜில் ரூம் நம்பரை உரக்கச் சொன்னால் வேறு ரூம் கேட்பாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும், சட்டைக்குள்ளே. மிளகு ஸ்ப்ரே ஒன்று வைத்திருந்தாள். சென்னைக்குப் போன ஒரு தடவை ஏர்போர்ட்டில் கைப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வாங்கியதுதான் கதவடி அலாரம். பார்க்க ரப்பர் ஆப்பு மாதிரி இருக்கும். கதவுக்கு அடியில் செருகிவிட்டால் வெளியிலிருந்து தள்ளினாலும் கதவு லேசில் நகராது. நகர்ந்தால் காது கிழிகிறமாதிரி கத்தும். அது எப்போதும் பையின் முன் ஜிப்புக்குள். கூட வேலை பார்க்கும் ஆண்களின் பையில் அந்த இடத்தில் பிஸ்கட் இருக்கும். அது அவளுக்குப் பல வருடமாகவே எரிச்சல்தான். ஆனால் எரிச்சல்பட்டுக்கொண்டே எல்லாப் பெண்களும் செய்வதுபோல அவளும் செய்துகொண்டிருந்தாள்.

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே எட்டு மெஷின். அன்று காலையிலேயே போய் இரண்டைச் சரிசெய்துவிட்டாள். மூன்றாவதற்கு ஒரு பம்ப் வேண்டும்; அது திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருவதற்குச் சாயங்காலம் ஆகும். அதுவரை ஓய்வெடுக்கட்டும் என்று ஆஸ்பத்திரி விருந்தினர் விடுதியில், கீழ்த்தளத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். விடுதிப் பொறுப்பாளர் ராபின்சன்தான் சாவியைக் கொடுத்தார். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கண்ணாடி, வாய் நிறைய "சிஸ்டர்".

உள்ளே போய்க் கதவைச் சாத்தியபோது தாழ்ப்பாளைத் தேடினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. எந்தக் கோளாறையும் தொடுமுன் ஒரு படம் எடுத்துவிடுவது அவள் தொழில் பழக்கம். அந்த ஓட்டைகளையும் எடுத்தாள். பிறகு உள்ளிருந்து சாவியால் பூட்டி, ஆப்பைச் செருகிவிட்டுப் படுத்தாள்.

மணி இரண்டரை இருக்கும். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டு விழித்தாள். யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. சாவி திரும்பியது, கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது, அலாரம் கத்த ஆரம்பித்தது. இடுக்கில் ராபின்சனின் முகம். அலாரத்தைக் கேட்டு ஓடிப் போயிருந்தால்கூட வழிதவறி வந்தார் என்று ஒருவேளை நினைத்திருப்பாள். அவர் ஓடவில்லை. உட்கார்ந்து, இடுக்கு வழியாகக் கையை உள்ளே விட்டு, ஆப்பைத் தடவிப் பிடித்து இழுக்கப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், கிளீனிங், கிளீனிங்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

ஜிஜா கட்டிலிலிருந்து பாய்ந்து, தன் முழுக் கனத்தையும் கொடுத்துக் கதவை அடைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

ராபின்சன் போட்ட அலறலுக்குத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள், அலாரத்துக்கு அல்ல. நடுவிரலும் மோதிர விரலும் ஒடிந்துவிட்டன. ஆஸ்பத்திரி என்பதால் உடனே எக்ஸ்ரே, உடனே கட்டு. வாசலில் நின்ற அவளிடம் ஒருவராவது ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் பின்சி மட்டும் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். சாயங்காலம் பம்ப் வந்தது. நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள் என்று அதையும் மாட்டி, மெஷினை ஓடவிட்டு, அன்று பின்சியின் வீட்டிலேயே தங்கி, மறுநாள் காலை ரயில் ஏறினாள்.

ஊருக்குச் செய்தி எப்படி வந்ததோ, அவள் குளித்து முடிக்கும் முன்பே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு விஜயம்மா ஒரு பொட்டலம் மிளகாய்ப் பொடி கொண்டுவந்தார். முகத்தில் வீசினால் போதும், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து வீசவேண்டுமாம். சர்ச் சபைப் பெண்கள் சங்கத்திலிருந்து வந்தவர் பெரிய ஊக்குகள் ஒரு அட்டை தந்தார். சஜுவின் சித்தப்பா மகன், கைப்பிடியால் அடித்தால் மண்டை பிளக்கும் என்று ஒரு டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனான். காரக்கோணத்தில் கராத்தே சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் நம்பரை மூன்று பேர் அனுப்பினார்கள். சாவியை விரலிடுக்கில் வைத்துக் குத்துவது எப்படி என்று ஒரு வீடியோ. இனி வெளியூர் போனால் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போ என்று எல்லாரும். யாருடைய அன்பையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டு மேசையில் அந்தப் பொருள்கள் சேரச் சேர அவளுக்கு மூச்சு முட்டியது.

சஜுவின் அம்மா ராஜபாய், அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அந்த மிளகாய்ப் பொடியை ஒரு சின்னப் புட்டிக்கு மாற்றிக்கொண்டே, பையில் எந்தப் பக்கம் வைத்தால் சட்டென்று கைக்கு வரும் என்று கேட்டார்.

"மாமி, எனக்க பையில என்ன இருக்கணும்ணு காலையிலேருந்து எல்லாரும் சொல்லியாச்சு" என்றாள் ஜிஜா. "அவனுக்க பேரு என்னண்ணு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல. ஆபீசும் கேக்கல்ல, நீங்களும் கேக்கல்ல."

சஜு அதுவரை வாசலில் நின்று, அந்த ஆஸ்பத்திரிக்கு நாலு பேரோடு போய் அவனைப் பார்த்துவிட்டு வருவது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"பேரு என்ன?" என்று கேட்டான்.

"ராபின்சன். எனக்கு நாலு ஆளு வேண்டாம், கேட்டேளா. நீங்க போய் அவன அடிச்சா அதுக்கும் ஒரு மெமோ வரும். நான் ஆஸ்பத்திரி வாசல்ல பிறகு எப்பிடிக் கேறுவேன்? எனக்கு வேலை இருக்கு அங்க."

ராஜபாய் புட்டியை மூடி வைத்தார். "செரி மக்கா. அந்தப் பேர எழுதிக் குடு. எங்கெல்லாம் குடுக்கணுமோ அங்கெல்லாம் குடு" என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். முதலில் எழுதிய இரண்டு பக்கமும் கோபமாகவே இருந்தது, கிழித்துப் போட்டாள். பிறகு தனக்கு நன்றாகத் தெரிந்த முறையிலேயே எழுதினாள், மெஷினுக்கு எழுதும் சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி. கண்ட கோளாறு: அறைக் கதவின் உட்புறத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது, படம் இணைப்பு. நடந்தது: மதியம் இரண்டரை மணிக்கு விடுதிப் பொறுப்பாளர் ராபின்சன் தட்டாமல் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார், அலாரம் ஒலித்த பின்னும் கையை உள்ளே விட்டுத் தடுப்பை அகற்ற முயன்றார். செய்த வேலை: கதவை அடைத்தேன். மீதி வேலை: தாழ்ப்பாளைக் கழற்றியது யார் என்று கண்டுபிடிப்பது. இது கம்பெனியும் ஆஸ்பத்திரியும் செய்யவேண்டியது.

மறுநாள் திருவனந்தபுரத்துக்குப் போனாள். மேனேஜர் ரதீஷ் நெய்யாற்றின்கரைக்காரர். அவளோடு தமிழில்தான் பேசுவார். காப்பி வரவழைத்தார். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் நாலு மெஷின் வாங்கப்போகிறார்கள் என்றார். வருத்தம் தெரிவிப்பதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இத்தோடு முடித்துவிடலாம் என்றார். கதவுக்கு அடியில் அப்படி ஒரு கருவி வைக்க ஆஸ்பத்திரியிடம் அனுமதி வாங்கினாளா என்று, தான் கேட்கவில்லை, அவர்கள் கேட்கிறார்கள் என்றார். கடைசியில், அவளுடைய பாதுகாப்பை நினைத்து இனி அவளை வெளியூருக்கு அனுப்புவதில்லை, போனில் வரும் புகார்களைக் குறித்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றியிருக்கிறோம் என்றார். வருகிற சனிக்கிழமை கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் தற்காப்பு வகுப்பு வைத்திருப்பதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

ஜிஜா காப்பியைத் தொடவில்லை. "வகுப்பு எடுக்கணும்ணா ராபின்சனுக்கு எடுங்க சார். கதவத் தட்டிட்டு வெளிய நிக்கது எப்பிடிண்ணு. எனக்குத் தெரியவேண்டியது எனக்குத் தெரிஞ்சதுகொண்டுதான் இண்ணு உங்க முன்னால இருக்கேன்."

ரதீஷ் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வேலைக்காகப் போகிற இடம் எதுவாக இருந்தாலும் அது வேலையிடம்தான் என்று சட்டம் சொல்கிறது, கம்பெனியில் இதற்கென்று ஒரு கமிட்டி உண்டு, அதற்கு என் புகாரை அனுப்புங்கள் என்று சொல்லி, ஜிஜா தான் எழுதிய தாளை மேசையில் வைத்தாள். நடந்தது வாடிக்கையாளர் கட்டடத்தில் அல்லவா என்று அவர் ஆரம்பித்தார். மெஷினும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது, அதைச் சரிசெய்ய என்னை அனுப்பும்போது அது யார் கட்டடம் என்று நீங்கள் கேட்டதில்லையே என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

திரும்பி வருகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஸ்டேஷன்தான். முன் மேசையில் இருந்தவர் பாதி கேட்டதுமே, அது தமிழ்நாடு அல்லே, அங்கே போய்க் கொடுங்கள் என்றார். ஜிஜா நாற்காலியை விட்டு அசையவில்லை. எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எழுதி வாங்கி, அந்த ஊருக்கு அனுப்பவேண்டும் என்று இருக்கிறதே என்றாள். அவர் பேனாவை மூடினார். "எங்க வீட்டுல துணி காயப்போடுத கொடிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடாக்கும் சார். நான் எதுக்காக நூறு கிலோமீட்டர் போகணும்?" என்று அவள் மலையாளத்திலேயே கேட்டது உள்ளே கேட்டிருக்க வேண்டும். பெண் எஸ்.ஐ. ஒருவர் எழுந்து வந்தார். படங்களைப் பார்த்தார். திருகாணி ஓட்டைகளை விரலால் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முன் மேசைக்காரரை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து எழுதினார். எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவை, அந்த ஆளின் கட்டு வலக்கையிலா இடக்கையிலா என்று கேட்டார். வலக்கை என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம் போல ஒரு காலத்தை ஜிஜா பார்த்ததில்லை. காலையில் ஆபீசுக்குப் போவாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் நேரில் போனால் அரைமணியில் முடியும் கோளாறுகளைக் கேட்டு எழுதிக்கொள்வாள். பக்கத்து மேசைக்காரர்கள் நைசாகப் பேசினார்கள், ஏதோ பெரிய நோயிலிருந்து எழுந்து வந்தவளிடம் பேசுவதுபோல. தற்காப்பு வகுப்புக்கு அவள் போகவில்லை. அதற்கும் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: ஒத்துழைப்பு இல்லை. குற்றம் செய்தவன் அவனுடைய ஊரில் அவனுடைய சாவிக்கொத்தோடு இருக்கிறான், நான் இங்கே கட்டிப்போடப்பட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போடுவாள். வீட்டிலும் அவள் குரல் உயர்ந்துபோயிற்று. ஒருநாள் சஜு, கம்பெனி சொல்கிறபடி கொஞ்ச நாள் ஆபீசிலேயே இருந்தால்தான் என்ன என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். மறுநாள் அவனே வந்து, தான் கேட்டது தப்புதான் என்றான்.

நாலாவது வாரம் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மெஷின் மறுபடி நின்றது. ரதீஷ் இந்தத் தடவை அனூஜை அனுப்பினார். நெய்யாற்றின்கரைப் பையன், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றைச் சரிசெய்தான். மற்றது அவனுக்குப் பிடிபடவில்லை. ஜிஜா போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து ஓடவைத்தாள். வேலை முடிந்தது என்று வைக்கப் போனவளை அவன் நிறுத்தினான்.

"சேச்சி, நான் இஞ்ச வந்தா மாடியிலதான் தங்குவேன். ஆம்பிளையளுக்குள்ள ரூம் எல்லாம் மாடியில. எல்லாத்துலயும் தாழ்ப்பாள் உண்டு. இண்ணு பின்சி சேச்சிகிட்ட கேட்டுட்டு கீழ போய்ப் பாத்தேன். பெண்ணுங்களுக்குள்ள ரூம் அஞ்சு. நீங்க தங்குனதுல மட்டும் புதுத் தாழ்ப்பாள், பளபளண்ணு. பாக்கி நாலுலயும் கழட்டி எடுத்துட்டு ஓட்டைய பெயின்ட் அடிச்சு மூடியிருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு வருஷமா வாறேன். ஒருநாளும் கீழ பாத்ததில்ல" என்றான். அவன் குரலில் வெட்கம் இருந்தது.

நாலு கதவையும் படமெடுத்து ஜிஜாவுக்கு, ரதீஷுக்கு, கமிட்டிக்கு என்று எல்லாருக்கும் அனுப்பினான். யாரும் கேட்காமலே அவன் அப்படிச் செய்ததுதான் அவளை முதன்முதலாக அழவைத்தது. ஆபீஸ் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் அழுதாள்.

அந்தப் படங்களுக்குப் பிறகு பின்சி வாய் திறந்தாள். அவளுக்கும் அங்கே இரவு டியூட்டி நாட்களில் கீழ் அறைதான். கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு படுப்பாளாம், இரண்டு வருடமாக. இன்னும் இரண்டு நர்சுகளும் அப்படித்தான். சொன்னால் வேலை போய்விடும் என்று சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். புகார் எல்லை தாண்டி அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று பேரும் ஒரே நாளில் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். ராபின்சனைப் பிடித்தார்கள், பத்து நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். ஆஸ்பத்திரி அவரைத் தாங்கள் நீக்கியதாகச் சொல்லவில்லை, அவரே விலகிக்கொண்டார் என்றது. வழக்கு இருக்கிறது. எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கமிட்டி ஜிஜா பக்கம்தான் எழுதியது. பழையபடி வெளியூர் வேலை கிடைத்தது. ஆனால் அவளுக்குக் கொடுத்த மெமோ பற்றி வந்த கடிதத்தில், "முடித்து வைக்கப்பட்டது" என்று இருந்தது. அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். "திரும்பப் பெறப்பட்டது" என்று வேண்டும் என்றாள். ரதீஷ் கூப்பிட்டு, இரண்டும் ஒன்றுதானே ஜிஜா என்றார்.

"ரெண்டும் ஒண்ணுண்ணா மாத்தி எழுதுததுல உங்களுக்கு என்ன சார் நட்டம்?"

மாற்றி எழுத அவர்களுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. மாற்றினார்கள். மன்னிப்பு என்ற சொல் அதிலும் இல்லை.

அந்தக் கடிதம் வந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் சபை முற்றத்தில் நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஒரு பெண்குரல். ராபின்சனின் மனைவி. நம்பர் எப்படிக் கிடைத்தது என்று ஜிஜா கேட்கவில்லை.

"யம்மா, அவியளுக்கு வேலையும் போச்சு. விரல் ரெண்டும் மடக்க முடியல. எம்மவளுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம். நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா கேஸ விட்ருவாங்கன்னு வக்கீல் சொல்லுதாரு. ஒரு பொம்பளயா நெனச்சுப் பாருங்க."

கடைசி வாக்கியத்தில் ஜிஜாவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஆனால் அந்தப் பெண்ணின் மேல் கத்த வாய் வரவில்லை. "அக்கா, நீங்க எங்கிட்ட கேக்கத அவர்ட்ட கேட்டியளா? எதுக்குத் தாழ்ப்பாளக் கழட்டினாருண்ணு?"

அந்தப் பக்கம் எங்கோ பிரஷர் குக்கர் கூவுவது கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நெசமாவே சாவி போட்டுத் தொறந்தாவளா?"

"ஆமாக்கா. தட்டல்ல. அலாரம் அடிச்ச பெறகும் கைய உள்ள விட்டாரு."

"கிளீனிங்குக்குப் போனேன்னுதான் எங்கிட்ட சொன்னாவ."

"கையில தொடப்பம் இல்ல அக்கா."

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. ஜிஜாதான், நான் எழுதிக் கொடுக்கமாட்டேன், உங்கள் மகள் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும் என்று சொல்லி வைத்தாள். முகம் சிவந்திருந்ததைப் பார்த்து, ஆராதனைக்குக் கூட வந்திருந்த ராஜபாய் யார் என்று கேட்டார். சொன்னாள். ராஜபாய் தலையை அசைத்துக்கொண்டே, பாவம் அந்தப் பெண் என்றார். ஆமாம், பாவம்தான் என்றாள் ஜிஜா. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம், அந்தப் பாவத்தையும் யார் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பார் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாறசாலையில் ரயில் ஏறினாள். கோவில்பட்டியில் ஒரு மெஷின் நின்று கிடந்தது. முதல் நோயாளி அதில் பத்து மணிக்குப் படுக்கவேண்டும்.